எழுத்து ஏன் திடீரென்று பெரிதாகிறது?

லேப்டாப் திரையில் இருக்கும் பிக்ஸல்களின் எண்ணிக்கை ஒருநாளும் மாறுவதில்லை. தொழிற்சாலையில் கண்ணாடியில் பதித்தது பதித்ததுதான். 1920-க்கு 1080 என்று விற்கப்படும் திரையில் 20,73,600 பிக்ஸல்கள் இருக்கும். ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு புள்ளிகள். ஆக மொத்தம் 62,20,800 புள்ளிகள். லேப்டாப் பழசாகலாம், வெளிச்சம் குறையலாம், இந்தக் கணக்கு மட்டும் குறையாது.

அப்படியிருக்க, நேற்று இரவு வரை ஒழுங்காக இருந்த லேப்டாப்பை இன்று காலையில் திறந்தால் எழுத்துகள் ஊதிப் பெரிதாகியிருக்கின்றன. ஐகான்கள் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கின்றன. எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கல். டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் ரெசொல்யூஷன் 1024-க்கு 768 என்கிறது. மாற்றலாம் என்று போனால் அந்தப் பெட்டியே சாம்பல் நிறத்தில் உறைந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. சில நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கதை.

எப்போதும் இருக்கிற கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளைச் சுற்றலில் விடும். சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால் அங்கே மேசையில் அது சமர்த்தாக வேலை செய்யும். கடைக்காரர் என்ன செய்வார்? ஃபார்மட் போடுவார். அல்லது பேனலையே மாற்றிவிடலாம் என்பார். இரண்டுக்கும் காசு போகும். கோளாறு மட்டும் போகாமலும் இருக்கலாம். இந்த வீண்செலவு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஏனென்றால் இது ஏதோ மர்மம் அல்ல. திரைக்கும் கணினிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டிலேயே பாதி துப்பு துலக்கிவிடலாம்.

முதலில், ரெசொல்யூஷன் குறைந்தால் எழுத்து ஏன் கலங்குகிறது? பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எலெக்ட்ரான் கற்றை திரையின் பின்புறத்தை வரிவரியாக வருடிப் படம் வரைந்தது. 480 வரி வேண்டுமா, 768 வரி வேண்டுமா, எதைக் கேட்டாலும் ஓரளவு சுத்தமாக வரைந்து தந்தது. எல்சிடி திரைக்கு அந்த நெளிவுசுளிவு இல்லை. அதற்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும். லேப்டாப்பில் 1024-க்கு 768 என்று ஒரு படம் உருவானால், அதை 1920-க்கு 1080 ஆக இழுத்துப் பரப்பித்தான் பேனலுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பே செய்கிறது. அகலவாக்கில் ஒரு பிக்ஸல் 1.875 பிக்ஸலை நிரப்ப வேண்டும்; உயரவாக்கில் 1.406. முக்கால் பிக்ஸல் என்று ஒன்று கண்ணாடியில் இல்லை. ஆகவே பக்கத்துப் பிக்ஸலோடு நிறத்தைக் கலந்து சமாளிக்கிறது. அந்தக் கலவைதான் நாம் காணும் கலங்கல். இரண்டு விகிதங்களும் வேறுவேறாக இருப்பதால்தான் எழுத்துகள் அகலமாகவும் தெரிகின்றன.

சரி, எதிரே இருக்கும் திரை 1920-க்கு 1080 என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? திரையே சொல்கிறது. 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ முறையைக் கொண்டுவந்தபோது, பிளக்கில் இருந்த சில பின்களைத் தரையோடு இணைத்தோ இணைக்காமலோ விட்டு, மானிட்டர் என்ன வகை என்று தெரிவிக்கும் ஏற்பாடு மட்டும் இருந்தது. அதில் ஒரு சில வகைகளுக்கு மேல் சொல்ல வழியில்லை. 1994-இல் வீசா என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கு ஒழுங்கான வழி செய்தது. ஒவ்வொரு மானிட்டரிலும் ஒரு சின்ன நினைவகச் சிப். அதில் அந்த மானிட்டரின் ஜாதகம். கணினி கேட்டால் அதைப் படித்துக் காட்ட வேண்டும். இந்த ஜாதகத்துக்குத்தான் ஈடிஐடி என்று பெயர். அதைப் படிக்கப் பயன்படுவது ஃபிலிப்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய, இரண்டே கம்பியில் பேசும் ஐ-ஸ்கொயர்-சி முறை. இன்றைய லேப்டாப்களில் பேனலுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓடுவது ஈடிபி என்ற இணைப்பு. அதில் படம் போகும் கம்பிகள் தனி. இந்தக் கேள்வி-பதிலுக்கு என்று இன்னோர் இணைக் கம்பி தனி.

ஈடிஐடியின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். செல்போனில் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம் உண்டு. அதைவிட இது சிறியது. இத்தனை சிறிய இடத்துக்குள் எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தொடக்கத்தில் 0, பிறகு ஆறு முறை 255, மறுபடி 0. இந்த எட்டு எண்களைப் பார்த்ததும் கணினிக்குப் புரிந்துவிடும், இது ஈடிஐடிதான் என்று. அடுத்து தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி. லேப்டாப் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனலை ஏயூஓ, பிஓஈ, எல்ஜி டிஸ்ப்ளே போன்ற சில நிறுவனங்கள்தான் செய்திருக்கும். பிறகு செய்த வாரம், செய்த ஆண்டு. ஆண்டு 1990-இலிருந்து எண்ணப்படுகிறது: அங்கே 30 என்றிருந்தால் பேனல் 2020-இல் செய்யப்பட்டது.

நமக்கு வேண்டியது 54-ஆவது பைட்டில் தொடங்கும் 18 பைட்டுகள். பேனலின் சொந்த ரெசொல்யூஷன் இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. 1920-க்கு 1080 திரையாக இருந்தால், பதினாறடிமான எண்முறையில் ஒரு பைட்டில் 80 என்றும், அதற்கு இரண்டு பைட் தள்ளி 71 என்றும் இருப்பதைப் பார்க்கலாம். அந்த 71-இல் உள்ள 7-ஐ எடுத்து 80-க்கு முன்னால் வைத்தால் 780. அதை நம் வழக்கமான எண்ணாக மாற்றினால் 1920. அடுத்து 38, அதற்கு இரண்டு பைட் தள்ளி 40. அந்த 4-ஐ முன்னால் வைத்தால் 438, அதாவது 1080. ஒரு திரையின் முழு அகலமும் உயரமும் இந்த நான்கு பைட்டுக்குள் அடங்கிவிட்டன. கடைசிப் பைட் சரிபார்ப்புக்கு. 128 பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் அந்தக் கடைசி எண்ணை வைக்கிறார்கள். வழியில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் கூட்டல் உதைக்கும். கணினி அந்த ஜாதகத்தை நம்பாது.

இந்தச் சிக்கனம் ஒரு வேடிக்கைக்கும் காரணமானது. பல ஆண்டுகள் மலிவு விலை லேப்டாப்களில் 1366-க்கு 768 என்ற திரைதான் அதிகம். 768 வரி உயரத்தை 16-க்கு 9 அகலத்துக்கு நீட்டினால் 1365.33 வரும், அதை 1366 என்று முழுமையாக்கினார்கள். ஆனால் ஈடிஐடியில் பொதுவான ரெசொல்யூஷன்களைக் குறிக்கும் சுருக்கப் பகுதியில் அகலத்தை எட்டால் வகுத்துத்தான் எழுத முடியும். 1366 எட்டால் வகுபடாது. 1360 வகுபடும், 1368 வகுபடும். அந்தக் காலத்து டிவிகளைக் கணினியோடு இணைத்தவர்கள் செட்டிங்ஸில் 1360 அல்லது 1368 என்று பார்த்துக் குழம்பியதற்கு இதுதான் காரணம். டிவியில் கோளாறு ஒன்றும் இல்லை.

இனி கோளாறுக்கு வருவோம். ரெசொல்யூஷன் சரியாக அமைய இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஈடிஐடி பிழையில்லாமல் கணினியை வந்தடைய வேண்டும்; அதைப் படித்து அதன்படி நடக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் உயிரோடு இருக்க வேண்டும். லேப்டாப்பைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் அடிக்கடி தவறுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று எந்தச் சிப்பாக இருந்தாலும் அதற்குரிய டிரைவர் வேலை செய்யாவிட்டால் விண்டோஸ் படத்தை அப்படியே விட்டுவிடாது. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற எளிய டிரைவரை உட்கார வைக்கும். கணினி தொடங்கும்போது பயாஸ் எந்த ரெசொல்யூஷனை அமைத்ததோ அதையே பிடித்துக்கொண்டு ஓட்டுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். மாற்றவும் தெரியாது. பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்பது இதனால்தான். ஆகவே எழுத்து ஊதியிருக்கும் அந்த நேரத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற தலைப்பின்கீழ் என்ன பெயர் இருக்கிறது என்று பார்ப்பது முதல் காரியம். மைக்ரோசாஃப்ட் பேசிக் என்றிருந்தாலோ, சிப்பின் பெயருக்குமேல் மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, பேனல்மீது பழி போட வேண்டாம்.

டிரைவர் ஏன் விட்டுவிட்டு விழுகிறது? ஒரு காரணத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாம் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுவதும் அணைவதில்லை. நாம் திறந்து வைத்த புரோகிராம்களை மூடிவிட்டு, தன் உட்கருவையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு உறங்குகிறது. மறுநாள் அதையே எடுத்து வைத்துத் தொடங்குகிறது. வேகம் கிடைக்கிறது. ஆனால் டிரைவருக்குள் ஏதாவது கோணலாகியிருந்தால் அந்தக் கோணலும் மறுநாளைக்கு வந்துசேரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி அல்ல. எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

என் அக்கா மகளின் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. கல்லூரி புராஜெக்ட் முடிக்க வேண்டிய நேரத்தில் காலையில் திறந்தால் எழுத்து ஊதியிருக்கும். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது மாமா, ஆனா மறுநாள் திரும்ப வருது" என்றாள். ஒரு கடையில் பேனலை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே விஷயம் இருந்தது. பேனல் பழுதாக இருந்தால் ஷட்டவுனுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்? டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற பிழைக் குறியெண்ணும் இருந்தன. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கு உரிய கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போட்டு, பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்தோம். அதோடு நின்றது. புதுப் பேனலின் விலை மிச்சம்.

தயாரிப்பாளரின் தளம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் அப்டேட் தானாகவே கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றிவிடும். பெரும்பாலும் நன்மைக்குத்தான். ஆனால் சில மாடல்களுக்கு அந்தப் பொது டிரைவர் ஒத்துவராது. கோளாறு தொடங்கிய நாளும் அப்டேட் வந்த நாளும் ஒட்டியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தானை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

வேலைக்கு நடுவே ஒரு நொடி திரை கறுத்து, பிறகு மாறுகிறதா? அது வேறு. கிராஃபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்குப் பதில் தராவிட்டால் விண்டோஸ் அது மயங்கிவிட்டது என்று முடிவுகட்டி டிரைவரை மீண்டும் தொடங்கும். விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் பாதுகாப்பு இது. இது நடக்கும்போதெல்லாம் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். ஒரு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து ஐந்து முறைக்கு மேல் நேர்ந்தால் விண்டோஸ் பொறுக்காது. நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். இந்த 4101 பதிவுகளின் நேரத்தைக் குறித்து வைத்துப் பாருங்கள். கேம் ஆடும்போதும் வீடியோ எடிட் செய்யும்போதும் மதிய வெயிலிலும் மட்டும் விழுகிறது என்றால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். காற்றாடியில் தூசி அடைந்திருக்கலாம், சிப்பின் மேலிருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சிப்பே பழுதாகவும் கூடும். 2008-இல் என்விடியா, தன் சில லேப்டாப் சிப்களின் பொதியுறைப் பொருள் பலவீனமாக இருந்து அவை பழுதாகின்றன என்று ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டிவந்தது. சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறும் சுற்றில் சிப்புக்கு அடியில் உள்ள நுண்ணிய இணைப்புகள் விரிசல் விடுவதுதான் இப்படிப்பட்ட பழுதின் வழி. அந்த விரிசல் ஒரு சூட்டில் சேரும், ஒரு சூட்டில் பிரியும். விட்டுவிட்டு வரும் கோளாறு என்பது அப்போது நேரடியாகவே கண்முன் நடக்கும் இயற்பியல்.

கேபிள் பக்கம் போவோம். பேனலிலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய கேபிள் லேப்டாப்பின் கீல் வழியாகத்தான் வருகிறது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. உள்ளே இருப்பவை தலைமுடி அளவுக் கம்பிகள். 2016-இல் வந்த மேக்புக் ப்ரோ மாடல்களில் இந்த இடத்தில் இருந்த கேபிள் தேய்ந்து, திரையின் அடியில் வெளிச்சம் திட்டுத்திட்டாகி, பிறகு மூடியை முழுதாகத் திறந்தாலே இருண்டுபோனது பெரிய பேச்சானது. 2018 மாடலைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு, கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருப்பதைக் கண்டது. 2019 மே மாதம் ஆப்பிள் 13 அங்குல மாடலுக்கு இலவசமாகத் திரையைச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. வெறும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கீலில் அது அத்தனை முக்கியம்.

கேபிள் கெட்டால் ரெசொல்யூஷன் மட்டும் குறைந்து படம் சுத்தமாக நிற்பது அபூர்வம். கேள்வி-பதில் போகும் அந்த ஒரு இணைக் கம்பி மட்டும் தனியாகப் பழுதானால் ஈடிஐடி படிக்க முடியாமல் போய் அப்படி நேரலாம். பெரும்பாலும் கூடவே சிமிட்டல், கோடுகள், நிறம் மாறுவது எல்லாம் வரும். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கோணத்துக்குத் தகுந்தபடி படம் மாறினால் வேறு எதையும் தேட வேண்டாம். லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: ஈடிஐடியின் கூட்டல் உதைத்தால் லினக்ஸ் கர்னல் அதைத் தன் பதிவில் வெளிப்படையாக எழுதி வைக்கும்.

டிரைவரா, திரையா என்று பிரித்தறிய எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஸ்கிரீன்ஷாட். கோளாறு இருக்கும்போதே ஒன்று எடுத்து உங்கள் செல்போனுக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் கேபிள் வழியாகப் போவதில்லை. படம் பேனலுக்குப் புறப்படும் முன்பே கணினிக்குள் எடுக்கப்படுகிறது. போனில் அந்தப் படத்தின் அளவு 1024-க்கு 768 என்று காட்டினால் கணினிதான் அந்த ரெசொல்யூஷனைத் தேர்ந்திருக்கிறது. முழு 1920-க்கு 1080 அளவில் எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்து, லேப்டாப் திரையில் மட்டும் கோடும் கலங்கலும் தெரிந்தால் குற்றம் பேனலிலோ கேபிளிலோ இருக்கிறது. கையில் ஒரு டிவியும் எச்டிஎம்ஐ கேபிளும் இருந்தால் அதில் இணைத்தும் பார்க்கலாம். பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிந்தால் விண்டோஸுக்கும் டிரைவருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. அங்கே அவை இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லையே.

வெளி மானிட்டரில் ரெசொல்யூஷன் குறைகிறது என்றால் முதலில் கேபிளையும், நடுவில் டாக் என்ற இணைப்புப் பெட்டி இருந்தால் அதையும் மாற்றிப் பார்த்துவிட வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் இரு முனைகளும் தொடக்கத்தில் ஒன்றையொன்று சோதித்து, எந்த வேகம் தாங்கும் என்று முடிவு செய்கின்றன. கேபிள் மோசமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அந்த வேகத்தில் அடங்காத ரெசொல்யூஷன் பட்டியலிலிருந்தே காணாமல் போகும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்து பெரிதாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு ரெசொல்யூஷன் மாறியே இருக்காது. விண்டோஸில் ஸ்கேல் என்று 100, 125, 150 சதவீதம் எனத் தனியாக ஓர் அமைப்பு உண்டு. வெளி மானிட்டரைச் செருகிக் கழற்றும்போது அது மாறுவதுண்டு. ஒரே ஒரு பழைய புரோகிராமில் மட்டும் எழுத்து கலங்கித் தெரிந்து மற்றதெல்லாம் கூர்மையாக இருந்தால், அந்தப் புரோகிராம் இந்த ஸ்கேலைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் குறையில்லை.

அடுத்த முறை எழுத்து ஊதும்போது அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பெயரைப் போனில் படம் பிடியுங்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: ஷட்டவுனுக்குப் பிறகா, மூடியைத் திறந்தபோதா, சூடான பிறகா, அப்டேட் வந்த மறுநாளா. பிறகு விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) எழுத்தை அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதிலேயே திரை சரியானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது லேப்டாப்போடு அந்தத் தாளையும் கொடுங்கள். பேனலை மாற்ற வேண்டும் என்று சொன்னால், கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தீர்களா, டிரைவரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.